அழகிய கிழவன் என்று ஒரு குழந்தை

1

இந்தக் கதை என் அண்ணன் மகள் கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. அவள் பெயர் மங்கையர்க்கரசி. திருச்சியில் வங்கி வேலை, வயிற்றில் இது ஐந்தாம் மாதம். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

"அத்தை, பையனா பொறந்தா வைக்க இத்தாலிப் பேரு ஒண்ணு சொல்லேன். சின்னதா இருக்கணும், மாடர்னா இருக்கணும், அர்த்தம் கேட்டா நல்லதா இருக்கணும். இங்க இருக்கிற பேரையெல்லாம் எல்லாரும் வச்சு முடிச்சிட்டாங்க."

‘லியோ, சிங்கம்’ என்று எழுதி அனுப்பியிருந்தால் அவள் வேலையும் முடிந்திருக்கும், என் வேலையும் முடிந்திருக்கும். நீங்களும் இந்நேரம் வேறு எதையாவது படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் நான் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தேன். மனசு முழுக்க ஒரே பெயர்தான் இருந்தது. ‘கலோஜெரோ’ என்று எழுதினேன்.

கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்று வந்தது. பிறகு, "அப்படின்னா என்ன?"

"அழகிய கிழவன்."

"அத்தை, நான் நிஜமாத்தான் கேக்குறேன்."

நானும் நிஜமாகத்தான் சொன்னேன். அதை அவளுக்கு விளக்கலாம் என்று உட்கார்ந்தேன், அது இப்படி வளர்ந்துவிட்டது. இவ்வளவு நீளத்தை மங்கை படிக்கமாட்டாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

தொடக்கம் திரும்பத் திரும்பத் தவறிப்போனது. அழிக்க மனமில்லை, அப்படியே விட்டுவைக்கிறேன்.

"சிசிலித் தீவின் தென்கரையில், மேட்டின் மேல் இருக்கும் அக்ரிஜெந்தோவில், விடிகாலை ரொட்டியின் மணம் தெருவெங்கும்..."

நிறுத்திவிட்டேன். இந்த ஊர் ரொட்டிக் கடை ஒன்றில் கால் நூற்றாண்டாக வேலை பார்க்கிறேன். ரொட்டி மணத்தை என் மூக்கு கவனிப்பதை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அதில் மயங்குகிறவள் மாதிரி எழுதினால் அது சுற்றுலா வந்தவள் எழுதியதாக இருக்கும்.

"கலோஜெரோ என்பது கிரேக்க மொழியின் இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டானது. கலோஸ் என்றால்..."

இது பரவாயில்லை, ஆனால் வாத்தியார் வேலை. பின்னால் இதற்கு இடம் வரும்.

"குழந்தை சீக்கிரம் வந்துவிட்டான்."

இதுதான் சரியான தொடக்கம் என்று எழுதியவுடனே தெரிந்தது. கையும் அத்தோடு நின்றுவிட்டது. காரணம், நான் இதை எழுதும்போதும் அவன் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். கற்பனைக் குழந்தை என்றால் எப்படியாவது காப்பாற்றிவிடுவேன். இவன் என் பேனாவுக்குக் கட்டுப்பட்டவன் இல்லை.

3

ஆகவே முதலில் ஆட்களை உட்கார வைக்கிறேன். நாலு பேர்தான், நடுவில் ஒரு வாயாடிக் கிழவி எட்டிப்பார்ப்பாள்.

கடைக்காரர் லில்லோ. அறுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், மாவு பட்டுப் பட்டுப் புருவம் நிரந்தரமாக வெளுத்துப்போனவர். லில்லோ என்பது கூப்பிடும் பெயர். ஞானஸ்நானப் பெயர் கலோஜெரோ. நான் வந்த புதிதில் எங்கள் தெருவில் நின்று "கலோஜெரோ!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாலு ஜன்னல் திறக்கும். இப்போது லில்லோவின் ஜன்னல் மட்டும்தான் மிச்சம். பிறக்கிற பிள்ளைகளுக்கு யாரும் அந்தப் பெயரை வைப்பதில்லை.

அவர் மகன் ஜெர்லாந்தோ, டவுன் பஸ் ஓட்டுகிறான். ஜெர்லாந்தோ என்பது லில்லோவின் அப்பா பெயர். அந்த அப்பாவின் அப்பா ஒரு கலோஜெரோ, அவருடைய அப்பா மறுபடி ஒரு ஜெர்லாந்தோ. இப்படியே தேவாலயப் பதிவு செல்லரித்துப் போகிற காலம் வரைக்கும் மேலே ஏறலாம். முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் என்பது இங்கே எழுதாத சட்டம்.

(நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’தான், தாத்தாவின் பெயரைச் சுமக்கிறவன். நம்மில் பலர் பழக்கத்தை விட்டுவிட்டோம், சொல்லை மட்டும் வைத்திருக்கிறோம். இதை ஒரு நாள் லில்லோவிடம் சொன்னபோது, "உங்க ஊர்க்காரங்க வெவரமானவங்க, பேரு வச்சா ஒரு செலவு மிச்சம்" என்றார். என்ன செலவு என்று இன்றுவரை புரியவில்லை.)

மருமகள் ஃபெதெரிகா, பலெர்மோக்காரி, பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் நறுக்கென்று பேசுவாள்.

நாலாவது ஆள் நான். பெயர் தையல்நாயகி. இந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பது வேறு கதை. அதை உள்ளே விட்டால் மொத்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வேலை கேட்டுக் கடை வாசலில் நின்ற அன்று லில்லோ என் பெயரைச் சொல்லிப் பார்த்தார், நாக்கு சுளுக்கியது, விட்டுவிட்டார்.

"பேரு விஷயத்துல எனக்கு அனுபவம் உண்டும்மா. தையான்னு வச்சுக்க. சாப்டியா?"

இந்த ஊரில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அதற்கான நன்றி இன்னும் என்னிடம் தீரவில்லை. இந்தக் கதையை எழுதுவதற்கு மங்கையின் கேள்வி ஒரு சாக்கு என்று நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

4

‘பேரு விஷயத்துல அனுபவம்’ என்னவென்றால் இது. வாலிபத்தில் லில்லோ வேலை தேடி வடக்கே தூரினோவுக்குப் போனார். அங்கே ஒரு தொழிற்சாலை மேஸ்திரி, தெற்கிலிருந்து வந்தவன் எவனாக இருந்தாலும் "ஏ கலோஜெரோ, தொடப்பம் எடு" என்பானாம். அப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்களாம். நிஜமாகவே கலோஜெரோ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருத்தன் வந்து நின்றால் எப்படி இருக்கும்? லில்லோ ஒரு வாரம் பொறுத்தார். பிறகு இடம் மாற்றிக்கொண்டு, புது இடத்தில் தன் பெயர் கார்லோ என்று சொன்னார். ஊருக்குத் திரும்புகிற வரை கார்லோவாகவே இருந்தார்.

மருமகள் வயிற்றில் இருப்பது பையன் என்று டாக்டர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் அவர் கரண்டியைக் கீழே வைத்தார். நானும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.

"இந்தா பாரும்மா ஃபெதெரிகா. டேய், நீயும் கேளு. பையனுக்கு எம்பேரை வைக்காதீங்க."

"மாமா, நாங்க இன்னும்..."

"வைக்காதீங்க. அது என்னோட போகட்டும். நாலு பேரு சிரிக்காத பேரா பாத்து வைங்க. நானே சொல்றேன், அப்புறம் என்ன?"

ஃபெதெரிகா எழுந்துபோய் அவர் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அவள் ஏற்கெனவே ‘எனேயா’ என்று முடிவு செய்து வைத்திருந்தாள், அதை எப்படிச் சொல்வது என்று தூக்கம் கெட்டிருந்தாள். ஜெர்லாந்தோ தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவன் சுபாவம் அப்படி.

மறுநாள் கடைக்கு டோனா பிப்பினா வந்தாள். டோனா என்றால் அம்மா, டான் என்றால் ஐயா என்கிற மாதிரி இங்கே மரியாதை. எதிர்வீட்டுக்காரி, ரொட்டி வாங்குவதைவிடச் செய்தி வாங்குவதில் கெட்டி.

"என்ன லில்லோ, குட்டி கலோஜெரோ எப்ப வர்றான்?"

"எனேயா."

"என்னது?"

"பேரு எனேயா."

"அது என்ன, மூட்டு வலிக்குத் தேய்க்கிறதா?"

"வாய வச்சுக்கிட்டு ரொட்டிய வாங்குங்க."

"நான் வாங்கிக்கிறேன். உம்பேரு சாமி சான் கலோ கேட்டா என்ன சொல்லுவ?"

"சாமிக்கு வேற வேலையில்ல பாரு."

"ஜூலை மாசம் இந்தத் தெரு வழியாத்தானே வருவாரு. அப்ப கேப்பாரு."

லில்லோ சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த இடத்தில் ஒரு கதாசிரியை ‘அந்தச் சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை’ என்று எழுதியிருப்பாள். நான் எழுதமாட்டேன், நீங்களே ஊகித்துவிட்டீர்கள்.

5

வாத்தியார் வேலைக்கு இடம் வரும் என்று சொன்னேன் அல்லவா?

கலோஸ் என்றால் நல்ல, அழகிய. கேரோன் என்றால் கிழவன். பழைய காலத்தில் குகையில் இருந்து தவம் செய்த பெரியவர்களைக் கிரேக்கர்கள் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அப்படி ஒருவர் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்தார் என்கிறார்கள். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று எனக்குச் சொல்ல இங்கே ஒருவருமில்லை. ‘அந்த நல்ல கிழவர்’ என்றே சொல்லிச் சொல்லி அதுவே பெயராகி, பிறகு புனிதராகி, பிறகு சான் கலோ என்று செல்லமாகச் சுருங்கிவிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளிகளுக்காக அவர் வீடு வீடாக ரொட்டி கேட்டு வருவாராம். தொற்றிவிடும் என்று பயந்து ஜனங்கள் ஜன்னலிலிருந்து ரொட்டியை வீசுவார்களாம். அந்த நினைவாக, ஜூலையில் அவர் சிலை தெருவில் வரும்போது இன்றும் மேலிருந்து ரொட்டி மழை பொழியும்.

சிலையின் முகம் கறுப்பு. தாடி வெளுப்பு. ஆட்கள் சுமந்துவரும்போதே பக்தர்கள் மேலே ஏறி, அந்தக் கறுத்த முகத்தைக் கைக்குட்டையால் துடைத்து, கன்னத்தில் முத்தம் கொடுப்பார்கள். சாமிக்கு வியர்க்கிறதாம். நான் முதல் திருவிழாவில் வாயைப் பிளந்து நின்றேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரத் தயங்கியதாக எனக்குத் தோன்றிய அதே ஊர் ஒரு கறுத்த முகத்துக்காக அழுதுகொண்டிருந்தது. டோனா பிப்பினா என் கையைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்தியா, எங்க சாமியும் உன் கலருதான்" என்றாள். அன்றைக்கு எனக்கு அது கோபமா சந்தோஷமா தெரியவில்லை. இன்றைக்குத் தெரிகிறது, சந்தோஷம்தான்.

(கிழவன் என்று பிள்ளைக்குப் பெயரா என்று சிரிக்கும் மங்கைக்கு: நம் பக்கம் விருத்தகிரி என்று பெயர் வைக்கிறோம். ‘கிழட்டு மலை’ என்று யாராவது சிரித்தார்களா?)

6

குழந்தை சீக்கிரம் வந்துவிட்டான்.

ஜூன் கடைசியில், இரண்டு மாதத்துக்கும் மேலாக முந்திக்கொண்டு. எடை ஒரு கிலோவுக்குக் கீழே. மூக்கில் குழாய், மார்பில் ஒயர், கண்ணாடிப் பெட்டி. அம்மாவும் அப்பாவும் மட்டும் உள்ளே போய்ப் பெட்டியின் துளை வழியாக விரலை நீட்டலாம். தாத்தாவுக்கு வெளிக் கண்ணாடி வரைக்கும்தான் அனுமதி. எனக்கு அதுவும் இல்லை. நான் காப்பி இயந்திரம் இருக்கும் நடையில் உட்கார்ந்திருப்பேன்.

பெட்டியின் மேல் குடும்பப் பெயர் மட்டும் ஒட்டியிருந்தது. திருவிழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமைக்குள் நகராட்சியில் பெயரைப் பதிந்தாக வேண்டும். எனேயாதானே, போய்ப் பதிந்துவிட்டு வர வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன். ஜெர்லாந்தோ போகவில்லை. கேட்டால், "அவ இன்னும் சொல்லல" என்றான்.

ஒரு மத்தியானம் ஃபெதெரிகா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, மாமா பேருக்கு என்ன அர்த்தம்? நீங்கதான் எதையாவது தோண்டிக்கிட்டே இருப்பீங்களே."

சொன்னேன். அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அவன் மொகத்த நீங்க பாக்கலல்ல? ஒடம்பெல்லாம் சுருக்கம். நெத்தியில கோடு. பென்ஷன் வரலன்னு சண்டைக்கு வந்த கெழவன் மாதிரி என்னைய மொறைக்கிறான்."

சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு அவன் கெழவனாகணும் அக்கா. வேற ஒண்ணும் வேணாம். படிக்க வேணாம், சம்பாதிக்க வேணாம். பல்லெல்லாம் போயி, முட்டி வலிக்குதுன்னு பொலம்பி, மருமகளப் பாத்து உப்பு பத்தலன்னு கத்தி... அப்படி ஆகணும். அவ்ளோதான்."

"அப்ப அந்தப் பேரையே வையேன்."

"எப்படி வைக்கிறது? மாமா எங்கிட்ட கெஞ்சாத கொறையா சொன்னாரு. அவருக்கு அது எவ்ளோ வலின்னு எனக்குத் தெரியும். புள்ளைய கூப்புடும்போதெல்லாம் அவருக்குத் தூரினோ ஞாபகம் வரணுமா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாமிக்குப் புள்ள ரொட்டி மட்டும் ஒண்ணு போடுங்க. அதுல அந்தப் பேர எழுதுங்க. மனசுக்குள்ள ஒரு ஆசை, அவ்ளோதான். ஞாயித்துக்கெழம காலைல வந்து வாங்கிக்கிறேன். மாமாவுக்குத் தெரியக்கூடாது. உங்க கண்ணு மேல சத்தியம் பண்ணுங்க."

(வேண்டுதல் ரொட்டி என்று ஒன்று உண்டு. கால் வலி என்றால் கால் உருவில், நெஞ்சு வலி என்றால் நெஞ்சு உருவில், பிள்ளைக்கு வேண்டுதல் என்றால் முழுப் பிள்ளை உருவில் மாவைப் பிடித்துச் சுட்டு சான் கலோவுக்குக் கொடுப்பார்கள். நம் ஊரில் வெள்ளியில் செய்து உண்டியலில் போடுவதை இவர்கள் மாவில் செய்து பிறகு சாப்பிட்டும் விடுகிறார்கள்.)

இந்த ஊரில் கண் மேல் சத்தியம் செய்தால் அதை மீறுவதில்லை. நான் செய்தேன்.

7

அடுத்த நாள் காலை கடையின் பின்கட்டில் லில்லோ தனியாக நின்றிருந்தார். உள்ளங்கையில் ஒரு மாவு உருண்டை. அதைப் பிசையவில்லை, வடிவம் பிடிக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன டான் லில்லோ, மாவு பத்தலியா?"

"பத்துது." கையைத் தாழ்த்தவில்லை. "இது அவன் எடை. தராசுல வச்சு எடுத்தேன். தூக்க விட மாட்டேங்குறாங்கல்ல. எவ்ளோ கனம் இருப்பான்னு பாத்தேன்."

பக்கத்தில் போய் நின்றேன்.

"நேத்திக்கி இதுல ஒரு சிட்டிகை கூட்டுனேன். இன்னைக்கி ஒரு சிட்டிகை." பிறகு குரலைத் தாழ்த்தி, "தையா, சாமிக்கு எம்மேல கோவம்" என்றார்.

"என்ன உளர்றீங்க?"

"அவரு குடுத்த பேரு. தூரினோவுல வேணாம்னு தூக்கிப் போட்டேன். இப்ப பேரனுக்கும் வேணாம்னுட்டேன். பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. அந்தப் பிப்பினா அன்னைக்கே சொன்னா."

"அப்படின்னா மருமககிட்ட சொல்லுங்க. பேர மாத்திக்கலாம்."

"சொல்லவா? நல்லா இருக்கு கதை! பெருந்தன்மையா விட்டுக் குடுத்துட்டு, அந்தப் பொண்ணு பெத்துப்போட்டு உசுர கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப, போயி ‘எம்பேர வை’ன்னு கேக்கணுமா? அவ ஆசையா வச்ச பேரு அது. நான் மனுசனா இல்லையா? நீ வாயத் தொறக்கக் கூடாது. கண்ணு மேல சத்தியம்."

என் இரண்டு கண்ணும் இப்படியாக ஒரே வீட்டுக்கு அடகு போயின.

8

கொஞ்சம் நிறுத்துகிறேன். இங்கே ஒரு சந்தேகம்.

‘மாமனாரும் மருமகளும் ஒரே பெயருக்கு ஆசைப்படுவார்களாம், ஒருத்தர் மனசு நோகக்கூடாது என்று இன்னொருத்தர் மறைப்பார்களாம், நடுவில் நீ மட்டும் எல்லாம் தெரிந்தவளாம்’ என்று நீங்கள் முகத்தைச் சுளிக்கலாம். ஒரு பிரதியில் இதைச் சரிசெய்யப் பார்த்தேன். லில்லோவை வில்லனாக்கினேன். "எம்பேர வைக்கலன்னா இந்த வீட்டுப் படி ஏறாத!" என்று கத்த வைத்தேன். கதை விறுவிறுப்பாக ஓடியது. மூன்று பக்கம் எழுதியபின் கடைக்கு வேலைக்குப் போனேன். அந்த மனுஷன் எனக்கு முதல் ரொட்டியின் முனையைப் பிய்த்து வெண்ணெய் தடவி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து மூன்று பக்கத்தையும் கிழித்துப்போட்டேன்.

நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை. இந்த வீட்டில் இப்படித்தான் சண்டை போடுவார்கள், ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்து.

சத்தியத்தை மீறிச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றும் கேட்பீர்கள். கேளுங்கள். ஞாயிறு காலை வரை நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

9

ஞாயிறு. திருவிழாவின் கடைசி நாள். கடையில் சோம்பு போட்ட சின்ன ரொட்டிகள் கூடை கூடையாக அடுக்கியிருந்தன. அன்றைக்கு ஊரே வீச வேண்டும் அல்லவா? நான் வெளிச்சம் வந்ததும் போய், லில்லோ கண்ணில் படாமல் பிள்ளை ரொட்டியைப் பிடித்தேன். உருண்டைத் தலை, மடித்த கைகள், குட்டைக் கால்கள். மாவை நூலாகத் திரித்து வயிற்றின் மேல் எழுத்துகளை ஒட்டினேன். நீளமான பெயர், கடைசி எழுத்து இடுப்பைத் தாண்டி விழுந்தது. துணியால் மூடிக்கொண்டு அடுப்பை நோக்கிப் போனேன்.

அடுப்பை லில்லோ யாரிடமும் விடமாட்டார். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனால் அவரே, "தையா, அடுப்ப நீ பாத்துக்க, முன்னால ஆளு கூப்புடுது, நான் வர்ற வரைக்கும் கதவத் தொறக்காத" என்று அவசரமாக வெளியே போனார். அப்பாடா என்று கதவைத் திறந்தேன்.

உள்ளே, கடைசி மூலையில், சின்ன ரொட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து, இன்னொரு பிள்ளை.

தலை, மடித்த கைகள், குட்டைக் கால்கள். என்னுடையதைவிட நூறு மடங்கு நேர்த்தி. நெற்றியில் கத்தி முனையால் கீறிய கோடுகள்கூட இருந்தன. வயிற்றில் அதே பெயர். எடை என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், தராசு தேவையில்லை.

என்னுடையதை அதன் பக்கத்தில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சத்தியம் செய்தது வாய்தான். கண்ணால் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு ரொட்டிகளையும் ஒரே நேரத்தில் வெளியே எடுப்பது எந்தச் சத்தியத்தையும் மீறுவதும் ஆகாது.

ரொட்டி வெந்த நேரத்தில் ஃபெதெரிகா பின்வாசல் வழியாகப் பூனைபோல வந்தாள். அதே நேரம் முன்பக்கத்திலிருந்து லில்லோ வந்தார், தன் ரொட்டியை யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார்கள். நான் நீண்ட மரத் துடுப்பை உள்ளே விட்டு இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து இழுத்து மேசைமேல் வைத்தேன்.

லில்லோ குனிந்து இரண்டு வயிற்றிலும் இருந்த எழுத்தைப் படித்தார்.

"இது யாருது?" என்றார் லில்லோ, என் கோணல் பிள்ளையைக் காட்டி.

"என்னோடது மாமா," என்றாள் ஃபெதெரிகா. "அது?"

"அது... பிப்பினா கேட்டா."

"டோனா பிப்பினாவுக்கு இந்த வயசுலயா?" என்றேன் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ வாய மூடு தையா."

"மாமா, நீங்கதான வேணாம்னு சொன்னீங்க?"

"நீதான எனேயான்னு சொன்ன?"

"நீங்க வேணாம்னதுனால சொன்னேன்."

"நீ ஆசப்பட்டன்னு விட்டேன்."

இதில் எது முதல், எது பிறகு என்று யாருக்கும் அப்போது கவலையில்லை.

"பயந்துபோயி வைக்கிறியா?" என்று கேட்டார் அவர். "சாமி கோவிச்சுக்கும்னு? அப்படின்னா வேணாம்மா. அந்தப் பயம் எனக்குத்தான், உனக்கு எதுக்கு?"

"பயமில்ல மாமா. எனக்கு அந்த அர்த்தம் வேணும்."

"என்ன அர்த்தம்?"

ஃபெதெரிகா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அறுபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயரைச் சுமந்தவர், அதற்காகச் சிரிப்பு வாங்கியவர், அதை ஒளித்து வைத்தவர். ஒருத்தரும் அவருக்கு அதைச் சொன்னதில்லை. அவ்வளவு தோண்டுகிற நானும் சொன்னதில்லை, தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

"அழகான கெழவன்னு அர்த்தம் மாமா. நல்லபடியா வயசாகுறவன்."

லில்லோ அடுப்புக் கதவின் இரும்பில் தெரிந்த தன் முகத்தைக் குனிந்து பார்த்தார். மாவு பிடித்த புருவத்தைத் தடவிக்கொண்டார்.

"கெழவன் சரி," என்றார். "அழகு எங்க?"

சொல்லிவிட்டு அப்படியே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து விம்மினார். ஃபெதெரிகா போய் அவர் தலையைக் கட்டிக்கொண்டாள். நான் அழவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன்.

"அந்த மேஸ்திரி மட்டும் இப்ப எங்கையில கெடச்சான்னா..." என்று மூக்கைச் சிந்தினார். "அவன் பேருக்கு என்ன அர்த்தமோ. ஆனானோ இல்லையோ கெழவனா, பாவம்."

சற்று நேரத்தில் பஸ் சீருடையில் ஜெர்லாந்தோ வந்தான். மேசைமேல் இரண்டு ரொட்டிகளையும் பார்த்தான், இரண்டு பெயர்களையும் படித்தான்.

"என்னைய யாராச்சும் கேட்டீங்களா?"

"ஏன், உனக்கு வேணாமா?" என்றார் லில்லோ.

"எனக்கு ஆரம்பத்துலருந்தே அதான் வேணும்," என்றான் ஜெர்லாந்தோ. "யாரும் கேக்கல."

10

அன்று மாலை சான் கலோ எங்கள் தெரு வழியாக வந்தார். ஒரு பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்திருந்தோம். இன்னொன்றைத் தெருவில் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தோம். டோனா பிப்பினா தலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு இடது கால் கிடைத்தது. நல்ல ரொட்டி. இந்த ஊருக்கும் இந்த வீட்டுக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தேன். அதை மென்றுகொண்டே நின்றபோது சொல்லிவிட்டதாகத் தோன்றியது. மேலிருந்து வந்த ஒரு ரொட்டி நெற்றியில் பட்டு வீங்கியது, அதுவும் பரவாயில்லை.

திங்கட்கிழமை நகராட்சி குமாஸ்தா, "இந்தப் பேர எழுதி ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிச் சந்தோஷமாக எழுதினாராம்.

இனி முடிவு.

முடிவு, ஒன்று: சிலை ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்குத் திரும்பிய அதே நொடியில் குழந்தை தானாக மூச்சுவிட்டான். — இதை எழுதி அடித்துவிட்டேன். மூக்குக் குழாயை எடுத்தது அந்த வாரம் புதன்கிழமை. தெருவில் அன்று எந்தச் சாமியும் இல்லை. வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நர்ஸ்தான் பக்கத்தில் இருந்தாள். அவள் பெயர் தெரியவில்லை, எந்தப் பெயராக இருந்தாலும் அவள் நன்றாக இருக்கட்டும்.

முடிவு, இரண்டு: அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய இரவு அவன் மூச்சு...

மாட்டேன். இதை எழுதமாட்டேன்.

முடிவு, மூன்று: நேற்று லில்லோ மாவு எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். ஒரு கை போதவில்லை, இரண்டு கையும் வேண்டியிருந்தது. "பாரு தையா, பாரு" என்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ‘லாம்’ என்றுதான் சொன்னார். நான் அதையே எழுதுகிறேன்.

ஆனால் இது முடிவு இல்லை. ஃபெதெரிகா கேட்டது வீட்டுக்கு வருவதை மட்டும் இல்லையே. அவள் கேட்டது கிழவனாவது. அந்தப் பெயருக்கு அர்த்தம் வர இன்னும் எழுபது எண்பது வருஷம் ஆகும். அப்போது லில்லோ இருக்கமாட்டார், ஃபெதெரிகா இருக்கமாட்டாள், நானும் இருக்கமாட்டேன். இதை எழுதி முடிக்கிற தகுதி எங்கள் யாருக்கும் இல்லை.

அதனால் இதைப் படிக்கும் உங்களில் வயதில் சின்னவர் யாராவது இருந்தால் உங்களிடம் ஒப்படைக்கிறேன். மங்கை, உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையிடமும் சொல்லிவை, அதற்கு நீ என்ன பெயர் வைத்தாலும் சரி. நேரம் கிடைத்து, வசதி இருந்து, என்றைக்காவது ஒரு ஜூலையில் இந்த ஊருக்கு வந்தால் ரொட்டிக் கடைக்கு எதிரே தெரு நடுவில் நின்று சத்தமாக, கூச்சப்படாமல், "கலோஜெரோ!" என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்கவேண்டும், ஏனென்றால் முட்டி வலியோடு எழுந்து ஜன்னலுக்கு வர அவனுக்கு நேரம் பிடிக்கும்.